விளக்கு அணையாத வார்டு

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் மைக்கூடு. முகத்துக்கு நேரே அக்கா. சட்டைக் கையிலோ காதோரத்திலோ எப்போதும் மை ஒட்டியிருக்கும். பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்குகிற பழக்கம் இருந்ததால் சில நாள் பல்லும் கறுத்திருக்கும்.

சித்திரக்கதைப் புத்தகங்கள் போடுகிற சின்ன நிறுவனம் எங்களுடையது. அச்சுக்கூடத்து மாடியில் மூன்று அறைகள். கீழே எந்திரம் ஓடினால் மேலே மேசையில் இருக்கும் டீ டம்ளர் தானாக நகர்ந்து போகும். அக்கா படம் வரைவார். அவர் வரைந்த கட்டங்களுக்குள் வசனக் குமிழிகளை வைத்து எழுத்துப் போடுவது என் வேலை. எப்பேர்ப்பட்ட வீரனும் என் கை வழியாகத்தான் பேசியாக வேண்டும் என்று வீட்டில் பெருமையடித்துக்கொள்வேன். வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அக்காவின் கைவரிசை இருட்டில்தான் இருந்தது. கறுப்பை யார் வேண்டுமானாலும் பூசலாம். ஆனால் அவர் ஒரு சந்து வரைந்தால் அதற்குள் நுழைய நமக்கே கால் வராது. அதனால்தான் கருநிழல் அவரிடம் வந்து சேர்ந்தான். கருநிழல் எங்கள் நிறுவனத்தின் வீரன். முகமூடி, நீண்ட அங்கி. எங்கே நிழல் விழுந்திருக்கிறதோ அங்கே கரைந்து, யாரும் எதிர்பாராத இன்னொரு நிழலிலிருந்து எழுந்து வருவான். சின்னப் பிள்ளைகளுக்கான வீரனாகத்தான் தொடங்கினான். படித்த பிள்ளைகள் வளர வளர, அவனும் முரடாகிவிட்டான்.

ஒரு வருடம், பெரியவர்களுக்கென்றே தடிமனாக ஒரு கிராஃபிக் நாவல் கொண்டுவரலாம் என்று எங்கள் பதிப்பாசிரியர் முடிவு செய்தார். கதையையும் அவரே எழுதினார். நகரத்தை ஆள்கிறவர்கள் கருநிழலைப் பிடித்து மனநல மருத்துவமனையில் அடைத்துவிடுகிறார்கள். நீ வீரனெல்லாம் இல்லை, துணிக்கடையில் வேலை பார்த்த சாதாரண ஆள், மற்றதெல்லாம் உன் நோய் என்று மருத்துவர்கள் அவனிடம் தினமும் சொல்கிறார்கள். அவன் முன்பு பிடித்துக்கொடுத்த குற்றவாளிகளும் அதே வார்டில் இருக்கிறார்கள். போகப் போக அவனுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிடுகிறது. நல்ல கதைதான். ஆனால் ஆசிரியர் வாழ்க்கையில் மருத்துவமனையில் படுத்தது ஒரே தடவை, அதுவும் குடலிறக்கத்துக்கு. அதனால் கல் சுவர், சங்கிலி, ஒழுகுகிற கூரை, முனையே தெரியாத இருட்டுத் தாழ்வாரம் என்று எழுதித் தள்ளியிருந்தார்.

அக்கா அதைப் படித்துவிட்டு, இதை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றார். ஆசிரியர் காரணம் கேட்டார். அக்கா சொல்லவில்லை. இருட்டுக்கு உங்களை விட்டால் எங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று ஆசிரியர் சிரித்தார். அக்கா காகிதங்களைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அவருக்கு ஓர் அண்ணன் இருப்பது எங்களில் யாருக்கும் அப்போது தெரியாது. பின்னால் அவரே என்னிடம் சொன்னதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணன் கைக்கடிகாரம் பழுதுபார்க்கிறவர். ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, மூச்சு விட்டால் பறந்துபோகிற திருகாணிகளை எடுத்துப் பொருத்துவார். தங்கையை அவர் கூப்பிடுவது பாப்பா என்று. அக்கா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அண்ணனுக்குத் தூக்கம் போயிற்று. கடையில் உள்ள கடிகாரங்கள் தன்னைப் பற்றி ஒன்றோடொன்று பேசிக்கொள்வதாகச் சொல்லத் தொடங்கினார். வேலை அதிகம், அதுதான் என்று அம்மா நினைத்தார். ஒரு விடுமுறை நாளில், அம்மா வெளியே போயிருந்த நேரம், அண்ணன் வீட்டின் ஜன்னல் கண்ணாடிகள் எல்லாவற்றிலும் செய்தித்தாள் ஒட்டினார். தன் மனதில் ஓடுவதை எதிர்வீட்டுக்காரர்கள் படிக்கிறார்கள் என்றார். தங்கையின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துப் போய், மூலையில் உட்காரவைத்து, தாழ்ப்பாள் போட்டு, காய் நறுக்குகிற கத்தியோடு கதவை மறித்து நின்றார். மதியத்திலிருந்து வெயில் சாயும்வரை அப்படியே நின்றார். அம்மா வந்து கதவைத் தட்டிக் கூப்பிட்டபோது அது அம்மாவின் குரல் இல்லை என்றார். கடைசியில் அக்கம்பக்கத்து ஆட்கள் சேர்ந்து கதவை உடைத்தார்கள்.

பிறகு மருத்துவமனை. கொஞ்ச காலம் வீடு, மறுபடி மருத்துவமனை, அப்புறம் அங்கேயே. அம்மா மாதாமாதம் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அக்கா ஒரு தடவைகூடப் போகவில்லை. அம்மாவும் கூப்பிடவில்லை. ஆனால் மகள் எதையாவது வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், “அவனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது” என்பார். பயத்தில் சொல்கிற வார்த்தைதான். ஆனால் அது அக்காவுக்குள் குடிபுகுந்து, பிறகு காலி செய்யவே இல்லை. கல்யாணம் ஆனது. கணவர் பல் செட் செய்கிறவர். வீட்டுக்குப் பின்புறமே பட்டறை. ஒரு மகள் பிறந்தாள். அவளைக் குட்டி என்று கூப்பிட்டார்கள். அண்ணன் கதை கணவருக்குத் தெரியும், மாமா ஒருவர் இருப்பது குட்டிக்குத் தெரியாது. அம்மா இறந்தபோது மருத்துவமனைக்கு யாரும் போய்ச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர் அக்கா ஒருவர்தான்.

இப்படிப்பட்டவர் கையில்தான் நாங்கள் அந்தக் கதையைக் கொடுத்திருந்தோம்.

வீட்டு முன்னறையில் உட்கார்ந்து வரைய ஆரம்பித்தார். குட்டி பள்ளிக்கூடத்திலும் கணவர் பட்டறையிலும் இருக்கிற நேரம்தான் அவருடைய வேலை நேரம். முதல் சில பக்கங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது நாங்கள் வாயடைத்துப் போனோம். ஆசிரியர் எழுதிய இருட்டு ஒரு பங்கு என்றால் அக்கா வரைந்தது நாலு பங்கு. அந்தத் தாழ்வாரத்தைப் பார்த்ததும் என் பிடரி மயிர் எழுந்து நின்றது. ஆசிரியர் பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, இதுதான் வேணும், இதுதான் வேணும் என்று அறைக்குள் நடந்தார். அந்தப் பக்கங்களுக்காக அக்கா எதைத் தொட்டுக்கொண்டிருந்தார் என்று நாங்கள் யோசிக்கவில்லை.

ஒருநாள், ஒற்றை விளக்கு மட்டும் எரிகிற அறையில் ஆள் முகத்தில் நிழல் எப்படி விழும் என்று அவருக்குச் சரியாகப் பார்க்க வேண்டியிருந்தது. பகல் வெளிச்சம் இடைஞ்சல் செய்தது. பொட்டலம் கட்டுகிற பழுப்புக் காகிதம் வீட்டில் இருந்தது. அதைக் கிழித்து ஜன்னல் கண்ணாடிகளில் ஒட்டினார். ஓரத்தில் கீற்றாக வந்த வெளிச்சத்தையும் விடாமல் நாடா வைத்து அடைத்தார். மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக வரைந்தார். மதியச் சாப்பாட்டுக்குக் கணவர் உள்ளே வந்தார். கையெல்லாம் பிளாஸ்டர் மாவு. வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

“ஜன்னலுக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டார்.

“வேலைக்குத்தாங்க” என்றார் அக்கா, தலை நிமிராமல்.

கணவர் சரி என்றார். கை கழுவப் போனார். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு மனிதன் கை கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. எதற்கு இப்படிக் கழுவுகிறார் என்று யோசித்தபடி அக்கா நிமிர்ந்தார். அப்போதுதான் காகிதம் ஒட்டிய ஜன்னலைப் பார்த்தார். ஒட்டியது தன் கைதான். ஒட்டுகிற நேரம் முழுக்க அண்ணன் ஞாபகம் ஒரு துளிகூட வரவில்லை. நினைத்துப் பயந்து செய்திருந்தால்கூடப் பரவாயில்லை. வீடு பெருக்குவதுபோல, சாதாரணமாகச் செய்திருக்கிறார்.

காகிதத்தைப் பிய்த்துப் போட்டார். பசைத் தடம் கண்ணாடியில் நின்றுவிட்டது. இருவரும் சாப்பிட்டார்கள்.

அதன் பிறகு அவர் தன்னையே வேவு பார்க்கத் தொடங்கினார். அடுப்பை அணைத்தோமா என்று இரண்டாவது தடவை போய்ப் பார்த்தால், இது ஆரம்பமா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். பேருந்தில் யாராவது சிரித்தால், என்னைப் பார்த்தா சிரிக்கிறார்கள் என்று தோன்றும். அப்படித் தோன்றியதே அறிகுறிதானே என்று அடுத்த பயம் வரும். தூக்கம் குறைந்தது. தூக்கம் குறைந்ததைக் கண்டு பயந்ததில் இன்னும் குறைந்தது. ஒரு பிற்பகல் கருநிழலின் அங்கிக்கு மை தீட்டிக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் தெளிவாக யாரோ பாப்பா என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயரால் அவரைக் கூப்பிட உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் உண்டு. அந்த ஆள் ஊருக்கு வெளியே பூட்டிய கட்டடத்துக்குள் இருக்கிறார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் யாரும் இருக்க மாட்டார்கள் என்பது தெரியும். அதைத்தான் அவரால் பார்க்க முடியாது. குட்டி பள்ளிக்கூடத்திலிருந்து வரும்வரை பிரஷைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

அந்த நாளுக்குப் பிறகு எந்தச் சத்தம் கேட்டாலும் மகளிடம் சரிபார்த்துக்கொள்வது வழக்கமாயிற்று. இப்போ ஏதோ சத்தம் கேட்டுச்சா, உனக்கும் கேட்டுச்சா என்பார். நாய் குரைத்தால் கேட்பார். பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தால் கேட்பார். குட்டி முதலில் விளையாட்டென்று நினைத்தாள். பிறகு அம்மா வாய் திறக்கும் முன்பே, கேட்டுதும்மா, கேட்டுது என்று அவசரமாகச் சொல்ல ஆரம்பித்தாள். ஒருநாள் பட்டறைக்குப் போய் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள்: “அம்மா இருக்கும்போது வீட்ல எனக்குப் பயமா இருக்குப்பா.”

கணவர் இதை அக்காவிடம் சொன்னார். நல்ல மனிதர், மறைக்கத் தெரியாதவர். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு என்றும் சொன்னார். அக்கா தலையாட்டினார். ஆனால் கொடுக்கவில்லை. நிறுத்திவிட்டால் பயந்ததற்குக் காரணம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அவருக்குப் பட்டதாம்.

இந்த இடத்தில் என் பங்கும் ஒன்று உண்டு. வார்டு காட்சி வருகிற பக்கங்கள் என் மேசைக்கு வந்தன. கட்டில்களில், தரையில், கம்பிக்குப் பின்னால் என்று ஏகப்பட்ட நோயாளிகள். குமிழி வைக்க இடம் தேடியபோது கவனித்தேன். ஒருவன் குண்டு, ஒருவன் ஒல்லி, ஒருவன் கிழவன், ஒருத்தி பெண். ஆனால் எல்லாருக்கும் முகம் ஒன்றே. அதே நீள மூக்கு, அதே ஒட்டிய கன்னம், இடது புருவத்தில் அதே வெட்டு. நான் சிரித்துக்கொண்டே, “என்னக்கா, ஆஸ்பத்திரி முழுக்க ஒரே குடும்பமா?” என்று கேட்டேன்.

அக்கா என் மேசைக்கு வந்து பார்த்தார். அடுத்த பக்கத்தைப் புரட்டினார், அதற்கடுத்ததை. விரலை ஒவ்வொரு முகமாக வைத்துக்கொண்டே போனார். நான் சிரிப்பை நிறுத்தினேன்.

“நான் இத வரையல தம்பி” என்றார்.

கோடு அவருடையது. மை அவருடையது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன், அதை வாங்காமல் படியிறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் அவர் மருத்துவமனைக்குக் கிளம்பினார். படம் வரைய இடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று வீட்டில் சொன்னார். உண்மையில் அங்கே இருக்கிற மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கத்தான் போனார். அண்ணனைப் பார்க்கலாமா வேண்டாமா என்று பேருந்தை விட்டு இறங்கும்வரை முடிவு செய்யவில்லை. வெளிவாசலில் காவலாளி யாரைப் பார்க்கணும் என்றபோது, வாய் தானாக அண்ணன் என்றது.

கல் சுவரும் இல்லை, சங்கிலியும் இல்லை. தோள் உயரம்வரை வெளிர்பச்சைச் சாயம் அடித்த நீளமான தாழ்வாரம். பினாயில் வாசனை. சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள், அதில் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆட்கள். சத்தம் குறைக்கப்பட்ட தொலைக்காட்சியில் யாரோ சமையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பட்டப்பகலில் மேலே வரிசையாகக் குழல்விளக்குகள் எரிந்தன. கூரை தாழ்வாக இருந்ததால் வெளிச்சம் தலையிலேயே வந்து விழுவது போல இருந்தது. அக்கா பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார். கடந்து வந்த கதவை ஓர் உதவியாளர் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார். உள்ளே போனவர்களை வெளியே விடுவதற்கு என்ன அத்தாட்சி கேட்பார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. நான் பைத்தியம் இல்லை என்று சொன்னால் நம்புவார்களா? இங்கே எல்லாரும் அதைத்தானே சொல்வார்கள்?

வார்டு நர்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். வயதான, கால் வீங்கிய பெண்மணி.

“நீங்க அவருக்கு என்ன வேணும்?”

“தங்கச்சி.”

நர்ஸ் கையில் இருந்த மாத்திரைத் தட்டைக் கீழே வைத்தார். “எனக்கு ஒரு தங்கச்சி இருக்கு, புத்தகத்துல படம் போடுதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. நான் இந்த வார்டுக்கு வந்தப்புறம் யாரும் வந்தது இல்லியா… அதுவும் நோயோட சேர்ந்ததுன்னு நெனைச்சிட்டோம்மா” என்றார்.

குற்றம் சொல்கிற குரலில் அவர் சொல்லவில்லை. தங்கள் தவற்றை ஒப்புக்கொள்கிற மாதிரித்தான் சொன்னார். தனக்கு ஒரு தங்கை உண்டு என்று சொன்னதற்காக ஒருவருக்குக் கூடுதலாக மாத்திரை கொடுத்திருப்பார்களோ என்று அக்கா நினைத்தாராம். அதைக் கேட்க மட்டும் அவருக்குத் துணிவு வரவில்லை.

பார்வையாளர் அறைக்கு வந்தவரை அக்காவுக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் வரைந்துகொண்டிருந்ததோ ஒட்டிய கன்னமும் நீள மூக்குமான இளைஞன். வந்தவர் தொந்தி போட்ட, முடி கொட்டிய, மெதுவாகக் கால் தேய்த்து நடக்கிற நடுவயதுக்காரர். மாத்திரையால் கைகள் விடாமல் ஆடிக்கொண்டிருந்தன. புருவத்து வெட்டு மட்டும் இருந்தது. நர்ஸ் வெளியே போய்க் கதவைச் சாத்தியதும் அக்காவின் மணிக்கட்டு தானாகப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அண்ணன் அதைப் பார்த்தார்.

“கதவு பக்கத்து நாற்காலில உக்காந்துக்க பாப்பா” என்றார். “நான் இந்தப் பக்கம் உக்காந்துக்கறேன். அப்போ உனக்குப் பயமா இருக்காது.”

அக்கா கதவோரம் உட்கார்ந்தார். வெட்கத்தோடுதான், ஆனால் உட்கார்ந்தார். அண்ணன் எதிர்மூலைக்குப் போனார்.

அம்மா போயிட்டாங்களா என்று கேட்டார். போய்விட்டார் என்றார் அக்கா. வராமல் போனபோதே நினைத்தேன் என்று அண்ணன் சொன்னார். ரொம்பக் கஷ்டப்பட்டாரா என்று கேட்டார். தூக்கத்தில் என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார். அழவில்லை. அழவும் அந்த மாத்திரைகள் விடாது என்று பின்னால் ஒருமுறை சொன்னாராம். அம்மா சொன்ன மாப்பிள்ளை எப்படி, பிள்ளை என்ன படிக்கிறது, இன்னும் படம் போடுகிறாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பேச்சு தீர்ந்துபோனபோது, வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அக்கா பையிலிருந்து பக்கங்களை எடுத்து மேசைமேல் வைத்து நடுவரைக்கும் தள்ளினார்.

அண்ணன் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். கடிகாரத்தின் உள்ளே பார்ப்பதுபோல முகத்தைக் கிட்டே கொண்டுபோய், பொறுமையாக. தன் முகம் அங்கே அத்தனை உடம்புகளில் இருப்பதை அவர் கண்டுகொள்ளவில்லை. அந்த முகத்தை மறந்து அவருக்கு ரொம்ப நாளாகியிருந்தது. கருநிழலைத்தான் கேட்டார். இவனுக்கு என்ன சக்தி என்றார். இருட்டில் ஒளிந்துகொள்வான் என்று அக்கா சொன்னார்.

அண்ணன் கூரையைக் காட்டினார்.

“இங்க இவ்ளோ இருட்டு ஏது பாப்பா? லைட்ட அணைக்கவே மாட்டாங்க. யாராவது ஏதாவது பண்ணிக்குவாங்கன்னு எந்நேரமும் எரியும். கண்ண மூடினாலும் செவப்பாத் தெரியும். உன் ஆளு இங்க வந்தான்னா எங்க போய் ஒளிவான்?”

இத்தனை பக்கங்களில் தான் தீட்டிய இருட்டு அத்தனையும் சுகமான இடம் என்று அப்போது அக்காவுக்குத் தோன்றியது. ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறவரைக்கும் அது பயமே இல்லை.

எழுந்துகொள்ளும்போது, கேட்கக் கூடாது என்று வைத்திருந்ததைக் கேட்டுவிட்டார். அன்னைக்கு ஏன் கத்தி எடுத்தே என்றார். “அவங்க உன்னத் தூக்கிட்டுப் போக வந்தாங்க. நான் விடல” என்றார் அண்ணன். பிறகு, “அப்படி யாரும் வரலன்னு இங்க சொல்றாங்க. இருக்கலாம்” என்றும் சேர்த்துக்கொண்டார்.

மருத்துவரைப் பார்க்கும்போது மாலையாகிவிட்டது. இளவயதுப் பெண், மேசையில் பாதி கடித்த ரொட்டித்துண்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அக்கா எல்லாவற்றையும் கொட்டினார்: ஜன்னல், குரல், முகங்கள், மகளிடம் கேட்ட கேள்விகள். மருத்துவர் குறுக்கே பேசாமல் கேட்டார். எப்போதிலிருந்து சரியாகத் தூங்கவில்லை என்று மட்டும் விசாரித்தார். தூக்கமில்லாத ஆளுக்கு யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது போலக் கேட்பது அபூர்வம் இல்லை என்றார். ஆனால் கண்காணிக்க வேண்டும், இனி தன்னிடம் வர வேண்டும் என்றார். அக்கா தன் கேள்வியைக் கேட்டார். எனக்கும் வருமா?

“வராதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாதுங்க. உங்க வயசுக்கு வாய்ப்பு குறைவு, அவ்ளோதான். ஆனா வந்தா என்ன செய்யணும்னு இப்ப எங்களுக்குத் தெரியும். அப்போ உங்க அம்மாவுக்கு யாரும் சொல்லல.”

அவர் எதிர்பார்த்துப் போன பதில் இது இல்லை. என்றாலும் வீடு திரும்புகிற வழியில் பேருந்தில் தூங்கிவிட்டார். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி, கடைசி நிறுத்தத்தில் நடத்துநர் எழுப்பினார்.

வீட்டில் குட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து, உனக்கு ஒரு மாமா இருக்கிறார் என்று தொடங்கி முழுவதும் சொன்னார். ஏன் சத்தம் கேட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதையும் சொன்னார். குட்டி ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டாளாம், மாமா இப்போதும் கத்தி வைத்திருக்கிறாரா என்று. இல்லை என்றார் அக்கா. அது உண்மைதான்.

பிறகு அவர் வரைந்திருந்த பக்கங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து வரைந்தார். அலுவலகத்துக்கு அவை வந்த அன்று நாங்கள் திகைத்துப்போனோம். கறுப்பே இல்லை. வெள்ளை வார்டு, வெள்ளைக் கட்டில்கள், மேலே வரிசையாக விளக்குகள். யாருக்கும் நிழல் விழவில்லை. அந்த வெளிச்சத்தின் நடுவில் முகமூடி கழற்றப்பட்ட கருநிழல், கட்டிலுக்கடியில், கதவுக்குப் பின்னால், தன் உள்ளங்கைக்குள் என்று கொஞ்சம் இருட்டைத் தேடிக்கொண்டிருந்தான். நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு முகம். அவர்கள் அவனை ஒன்றும் செய்யவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள்.

கறுப்பு வீரன் கதைக்கு வெள்ளைப் பக்கமா என்று ஆசிரியர் எகிறினார். அக்கா, படித்துப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார். ஆசிரியர் நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தவர், பாதியில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். முடித்ததும் எழுந்து போய் அறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்தார். ஏன் திறந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அது திறந்திருந்தால் நல்லது என்றுதான் இருந்தது. அந்தப் பக்கங்களில் குமிழி வைக்கும்போது நான் ரொம்பச் சிரமப்பட்டேன். வெள்ளைக்குள் வெள்ளைக் குமிழிக்கு விளிம்பே நிற்கவில்லை. எந்தப் பேச்சு யாருடையது என்று தெரியாமல் எல்லாக் குரலும் அறை முழுக்க மிதந்தது. அப்படியே விட்டுவிடுங்கள் தம்பி என்றார் அக்கா.

புத்தகம் வந்தது. ஓகோ என்றெல்லாம் ஓடவில்லை. ஒரு கடைக்காரர் மை சரியாகப் பிடிக்கவில்லை என்று கட்டோடு திருப்பி அனுப்பினார். படித்தவர்களில் சிலர் விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்க முடியவில்லை என்று எழுதினார்கள். அணைத்துவிட்டும் தூங்க முடியவில்லை என்று ஒருவர் எழுதினார்.

அதற்குள் அக்காவின் கவலை புத்தகத்தை விட்டு வேறு இடத்துக்குப் போயிருந்தது. அண்ணன் வீட்டுக்குப் போகிற நிலைமைக்கு வந்து ரொம்ப காலமாகிவிட்டது என்று மருத்துவர் சொன்னார். கூட்டிப்போகத்தான் ஆள் இல்லை. இதைக் கேட்டு அக்காவுக்குச் சந்தோஷம் வரவில்லை, கிலிதான் வந்தது. கணவரிடம் சொன்னபோது அவர் குட்டி தூங்குகிற அறைப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். “எனக்குப் பயமா இருக்கு. இல்லன்னு சொல்ல மாட்டேன்” என்றார். எனக்கும் இருக்கிறது என்றார் அக்கா. இரண்டு பேருக்கும் இருந்ததை வாய்விட்டுச் சொல்லிக்கொண்ட பிறகுதான் கூட்டி வரலாம் என்று முடிவெடுத்தார்கள்.

அண்ணன் வந்த அன்று காலை, அக்கா வீட்டுக் கத்திகளை எல்லாம் துணியில் சுற்றிப் பட்டறையில் வைத்துப் பூட்டினார். மதியம் சமைக்கும்போது வெங்காயம் நறுக்கக் கத்தி இல்லை. அண்ணன் சமையலறை வாசலில் நின்று, அவர் வெங்காயத்தைக் கையால் பிய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். போய் முன்னறையில் உட்கார்ந்துகொண்டார். என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் உணர்ந்தது இல்லை என்று அக்கா என்னிடம் சொன்னார். ஆனாலும் கத்தியை அன்று வெளியே எடுக்கவில்லை. எடுக்க ஒரு வாரம் ஆயிற்று.

அண்ணன் மச்சானின் பட்டறையில் பிளாஸ்டர் கலக்கிக் கொடுத்தார். கை ஆடுவதால் நுணுக்க வேலை முடியாது. கலக்குவதற்கு அந்த ஆட்டமே வசதி என்று கணவர் கிண்டல் செய்வார், இருவரும் சிரிப்பார்கள். குட்டி முதல் மாதம் மாமாவோடு ஒரே அறையில் தனியாக இருக்க மாட்டாள். பிறகு பள்ளிக்கூடப் பாடத்தில் கடிகாரத்தின் உட்பாகம் வரைய வேண்டி வந்தது. வேறு வழி இல்லாமல் போய்க் கேட்டாள். அவர் சொல்லச் சொல்ல அவள் வரைந்த படத்தை ஆசிரியை பாராட்டினார், அதோடு பாதிப் பயம் போயிற்று.

இரண்டாவது வருடம் நோய் மறுபடி வந்தது. அண்ணன் சாப்பாட்டைக் கிண்டிக் கிண்டிப் பார்க்கத் தொடங்கினார். தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு வைத்தார். ஒருநாள் அக்கா அறைக்குள் நுழைந்தபோது, அவர் ஜன்னலருகே நின்று எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் கால் கதவுப் பக்கம் திரும்பியது. ஆனால் ஓடவில்லை.

“பாப்பா, மறுபடியும் வருது” என்றார் அண்ணன். “நீ கூட்டிட்டுப் போயிடு. நானாப் போக மாட்டேன்.”

பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து அழைத்துப் போனார். வழியெல்லாம் அண்ணன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். முன் இருக்கைப் பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்கு மாறிப் போனாள். அக்காவுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. தானாக இருந்தாலும் அப்படித்தான் எழுந்து போயிருப்போம் என்று நினைத்தார். வாசலில் நர்ஸ் இவர்களைப் பார்த்ததும், வாங்க தங்கச்சி என்றார்.

இந்தத் தடவை வாராவாரம் அக்கா போனார். சில வாரம் கணவர், ஒரு வாரம் குட்டி. ஒன்றரை மாதத்தில் அண்ணன் திரும்பி வந்தார், இளைத்து, கன்னம் ஒட்டி. பழைய முகம் கொஞ்சம் தெரிந்தது என்று அக்கா சொன்னார்.

இப்போது அக்கா அடுத்த புத்தகம் வரைகிறார். கடல் கதை, கருநிழல் இல்லை. நடுவில் எழுந்து போய் அண்ணன் மாத்திரை போட்டாரா என்று பார்த்துவிட்டு வருவாராம். அவர் போட்டதும், நீ தூங்கினாயா என்று அண்ணன் திருப்பிக் கேட்பாராம். அந்தக் கேள்விக்குப் பொய் சொல்லக் கூடாது என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறார்கள். போன வாரம் ஒருநாள் கேட்டபோது, சரியாகத் தூங்கவில்லை என்றாராம் அக்கா. அண்ணன் பட்டறைக்குப் போய் மச்சானிடம் சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் காலை மூன்று பேருமாக மருத்துவரிடம் போனார்கள்.